வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை எங்கே கொடுப்பது? காரைக்குடியிலிருந்து ஒரு வேண்டுகோள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அமர்ந்து பேசுகிறேன். மேசையில் நீங்கள் பார்ப்பவை, இந்த வீட்டு ஆச்சி தம் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய மருந்துகள்: இரத்த அழுத்த மாத்திரைகள், பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக், கால் பாட்டில் இருமல் மருந்து, காலமான அவருடைய கணவருக்கு வலிக்காக எழுதித் தந்த டிரமடால்.

நம் செட்டிநாட்டு ஊர்களில் இவை சேர்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளில், ஊருக்கு வரும் மகனோ மகளோ பல மாதங்களுக்கான மருந்தை மொத்தமாக வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். இடையில் மருத்துவர் அளவை மாற்றுகிறார். அல்லது மருந்து சாப்பிட்டவரே காலமாகிவிடுகிறார். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராமல் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் நடக்கிறது; நல்லெண்ணத்தில் செய்தாலும் அது ஆபத்தானது.

கொல்லையில் போட்டு எரிப்பதும் தீர்வு அன்று. மாத்திரை அட்டைகளில் பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரண நெருப்பில் அவை நச்சுப்புகையைத்தான் தரும். மழைநீரை ஊரணிகளில் சேர்த்துக் காத்த ஊர்க்காரர்கள் நாம்; மண்ணில் விழும் மருந்து அந்த நீரோடு போகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்து, அவற்றின் இறந்த உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியா 2006-இல் தடை விதித்தது. அது வீட்டுக் குப்பையால் வந்த கேடு அன்று என்றாலும், ஓர் உயிருக்குக் கொடுத்த மருந்தின் வேலை அந்த உயிரோடு முடிவதில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

வழி இல்லாமல் இல்லை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் 'என்பிரவுட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மக்களிடமிருந்து பெறும் மருந்துகள் எர்ணாகுளத்திலுள்ள எரியூட்டும் நிலையத்தில் அறிவியல் முறைப்படி அழிக்கப்படுகின்றன. பிரான்சில் மிஞ்சிய மருந்தை மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2010 முதல் இதற்கென்றே தனி நாள்களை ஒதுக்கியிருக்கிறார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து இத்தகைய திட்டங்களைத் தொடங்கலாம் என்று நம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025 மே மாத வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

ஆகவே, காரைக்குடி மாநகராட்சியும் மருந்து வணிகர்களும் நகரத்தார் சங்கங்களும் முதலில் சில மருந்துக் கடைகளிலாவது பூட்டிய பெட்டி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். பெட்டி வைப்பது எளிது. நிரம்பியதை உரிய எரியூட்டும் நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பையும் செலவையும் யார் ஏற்பார்கள் என்பதை முன்பே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், அது இன்னொரு குப்பைத் தொட்டியாகிவிடும்.

அதுவரை, சாதாரண மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காப்பித்தூளுடனோ மண்ணுடனோ கலந்து, இறுகக் கட்டிய உறையில் குப்பை வண்டியில் கொடுங்கள். தவறி ஒரு குழந்தை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய டிரமடால், ஃபெண்டானில், மார்ஃபின் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் ஊற்றிவிடலாம் என்று மத்திய அமைப்பின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மற்றவற்றுக்கு அது பொருந்தாது. புற்றுநோய் மருந்துகளை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், சிகிச்சை அளித்த மருத்துவமனையிடம் கேளுங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, தூய்மைப் பணியாளரிடம் அதில் ஊசி இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.