கணக்கு வைத்திருந்த கர்னல்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

‘சயாமுக்குப் போனவர்’ என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அப்படிப் போனவர்தான். இன்றைய தாய்லாந்துதான் அன்றைய சயாம். அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதை வேலைக்காக, 1943இல் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. ஆனால் இன்று நான் பேசப்போவது அதே ரயில்பாதையில் கிடந்து, உயிரோடு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பீரங்கிப்படை அதிகாரியைப் பற்றி. “நம் ஆட்கள் கதையே இன்னும் சொல்லி முடியவில்லை, துரை கதை எதற்கு சார்?” என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் பிலிப் டூசி. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட் பக்கத்தில் 1904இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்க வாய்ப்பு வந்தும் தகப்பனார் விடவில்லை. உறவினர் நடத்திய பருத்தி வணிகத்தில் தொழில் பழகப் போனார். பிறகு பேரிங்ஸ் வங்கியின் லிவர்பூல் கிளையில் வேலை. இதற்கிடையே 1927இல் பகுதிநேரப் பீரங்கிப் படையிலும் அதிகாரியாகச் சேர்ந்திருந்தார். கணக்குப் பேரேடு பார்க்கும் கை, ஓய்வு நாளில் பீரங்கி பழகியது. இந்த வங்கிக்காரப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போர் வந்ததும் பெல்ஜியம் போனார், 1940இல் பிரான்சின் டன்கர்க் துறைமுகம் வழியாகப் பின்வாங்கி வந்தார். அடுத்த ஆண்டே லெப்டினென்ட் கர்னல். 135ஆவது பீல்ட் ரெஜிமென்ட் என்ற பீரங்கிப் பிரிவு அவர் கைக்கு வந்தது. அது 18ஆவது டிவிஷனைச் சேர்ந்தது. மத்தியக் கிழக்குக்கு என்று கப்பலேறிய டிவிஷன். நடுக்கடலில் இருக்கும்போதே ஜப்பான் போரில் இறங்கிவிட, கப்பல்களைக் கிழக்கே திருப்பினார்கள். பாலைவனப் போருக்குப் புறப்பட்டவர்கள் 1942 ஜனவரியில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்கள். காட்டைப் பார்த்திராதவர்கள். ஒரு மாதம்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஒரு மாதத்தில் அவர் காட்டிய துணிவுக்கு, பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குத் தரும் டி.எஸ்.ஓ. என்ற பதக்கம் கிடைத்தது. எனக்கு அந்தப் பதக்கத்தைவிடப் பெரிதாகப் படுவது பிப்ரவரி 12. சிங்கப்பூர் நிற்காது என்று தெரிந்துவிட்டது. அவரைப் போன்ற அனுபவசாலிகளையாவது காப்பாற்றிக் கப்பலேற்றிவிட மேலிடம் நினைத்தது, டூசிக்கும் உத்தரவு வந்தது. தப்பி ஓடச் சொல்லவில்லை பாருங்கள், உத்தரவே போட்டார்கள். போயிருந்தால் ஒருவரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. அவர் மாட்டேன் என்றார். சிறைப்படப் போகிற என் ஆட்களோடு நானும் இருக்கிறேன் என்று நின்றுவிட்டார். மூன்றே நாளில், பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார்.

முதலில் சிங்கப்பூரிலேயே சாங்கி கைதி முகாம். பிறகு இரும்புச் சரக்கு வேகன்களில் அடைத்துச் சயாமுக்கு. உள்ளே ஆள் நீட்டிப் படுக்க இடமிராது. பகலில் தகரம் கொதிக்கும். அப்படி நாள்கணக்கில் போய் பான் போங் என்ற சயாம் ஊரில் இறங்கினார்கள். 1942 அக்டோபரில் காஞ்சனாபுரிக்குப் பக்கத்தில் தாமர்கான் முகாமுக்கு டூசி பொறுப்பாளரானார். கைதிகளுக்கிடையே மூத்த அதிகாரி. அங்கே மேக்ளோங் ஆற்றின் குறுக்கே இரண்டு பாலம் போட வேண்டும். ஒன்று மரப்பாலம், இன்னொன்று ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இரும்புச் சட்டங்களை வைத்து. குவாய் ஆற்றுப் பாலம் என்று உலகம் சொல்வது இதைத்தான். உண்மையில் ஆற்றுக்கு அந்தப் பெயர் 1960இல்தான் வந்தது, தேடி வந்த சுற்றுலாக்காரர்களுக்காக மாற்றினார்கள்.

1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ சினிமாவில், டூசியின் இடத்தில் ஒரு கர்னலைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாலத்தைத் தன் சாதனையாக நினைத்து எதிரிக்கு ஒத்தாசை செய்பவர். அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கல என்ற இடத்தில். படத்தைப் பார்த்துவிட்டுத் தாமர்கானில் இருந்த பழைய கைதிகள் மனம் கொதித்துப் போனார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. நடந்தது வேறு.

வேலை செய்ய மாட்டோம் என்றால் சாவு. வேலை செய்தால் எதிரிக்குப் பாதை. இரண்டுக்கும் நடுவே அந்த மனிதர் என்ன செய்தார்? முதல் காரியம், அதிகாரிகளுக்குத் தனிச் சமையல், தனிக் குடிசை கிடையாது என்றார். இது சின்ன விஷயமில்லை. அன்றைய பிரிட்டிஷ் படையில் அதிகாரியும் சிப்பாயும் ஒரே பானைச் சோறு தின்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. இரண்டாவது, காவலன் ஒரு சிப்பாயை அடித்தால் பக்கத்தில் இருக்கும் அதிகாரி குறுக்கே போய் நிற்க வேண்டும். அடி தனக்கு விழுந்தாலும் சரி. அவரும் ஒவ்வோர் அக்கிரமத்துக்கும் நேரே போய் முறையிட்டார், அதற்கும் அடி வாங்கினார். கக்கூஸ் குழி எங்கே வெட்டுவது, குடிநீரைக் கொதிக்க வைத்தார்களா, இதெல்லாம் அவர் பார்வைக்கு வந்தாக வேண்டும். கைதிகளோ, கறையானைப் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய் மரத்தூணில் விட்டார்கள். காங்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்கள்.

ஒரு வாத்து முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஞ்சியும் வெறும் சோறுமாகத் தின்று கால் வீங்கி, பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வந்து கிடக்கும் உடம்புக்கு ஒரு வாத்து முட்டை மருந்து மாதிரி. அதிகாரிகளுக்கு ஜப்பானியர் ஏதோ கொஞ்சம் சம்பளம் கொடுத்தார்கள். டூசி அதில் ஒரு பங்கைப் பொதுவில் போடச் சொன்னார். அந்தக் காசில் சயாம்காரர்களிடம் முட்டை வாங்கி, முதலில் நோயாளிக்கு. இங்கேதான் அந்த வங்கிக்காரர் வெளியே வருகிறார். காஞ்சனாபுரிக் கடைக்காரர் பூன்போங் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவருபவர். காய்கறிக் கூடைக்குள் மருந்தையும் ஒளித்துக் கொண்டுவந்தார். மாட்டினால் தலை போயிருக்கும். போருக்குப் பின் அவருக்குத் தொழில் நொடித்தபோது பழைய கைதிகளிடம் பணம் திரட்டி உதவ முன்நின்றவர் டூசி.

எல்லாம் வென்றார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு அதிகாரிகள் தப்பிப் போக முடிவு செய்தார்கள். ஒரு மாதத்துக்கு வேண்டிய உணவோடு போனார்கள். எண்ணிக்கை எடுக்கும்போது இரண்டு நாள் மறைத்துச் சமாளித்தார் டூசி. பிறகு இருவரும் பிடிபட்டுத் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். மறைத்ததற்கு டூசிக்கும் தண்டனை.

1943 வசந்தத்தில் பாலங்கள் முடிந்தன. கட்டிய மாதங்களில் தாமர்கானில் இறந்த கைதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே பாதையில் மேலே காட்டுக்குள் இருந்த முகாம்களில் மழையும் காலராவும் சேர்ந்து கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. அங்கிருந்து குற்றுயிராக வந்தவர்களுக்குத் தாமர்கானையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். மயக்கமருந்து இல்லை. தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பார்கள், நான்கு பேர் ஆளை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது அதிகாரிகளைத் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். விடுதலையானதும் டூசி வீட்டுக்குக் கப்பல் தேடவில்லை. 300 மைல் தள்ளி இருந்த தம் ஆட்களைத் தேடிப் போனார். போருக்கு முன் 79 கிலோ இருந்தவர் அப்போது 47 கிலோ. ஊர் போன பிறகும் விடவில்லை. லிவர்பூல் வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியோடு சேர்ந்து பழைய கைதிகளின் வைத்தியத்துக்கு உழைத்தார். முகாமில் ஓரளவு நியாயமாக நடந்த சைத்தோ என்ற ஜப்பானிய சார்ஜென்ட் மேஜருக்காகப் பரிந்து பேசி, போர்க்குற்ற வழக்கிலிருந்து காப்பாற்றினார். டூசி 1975இல் காலமானார். ஒன்பது வருடம் கழித்து சைத்தோ ஜப்பானிலிருந்து வந்து அவர் கல்லறையில் நின்றார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

415 கிலோமீட்டர் பாதை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12,000. ஆசியத் தொழிலாளிகள் இறந்தது 90,000 வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். நம் தமிழர்களோடு மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரும் சேர்த்து. அதே மழை, அதே காலரா. கைதிகளுக்கு நடுவே டாக்டர் இருந்தார். தண்ணீரைக் கொதிக்க வை என்று அதட்ட ஒருவர் இருந்தார், அடிக்கிறவன் முன்னால் போய் நிற்க ஒருவர் இருந்தார். அன்றன்று இறந்தவர் எத்தனை பேர், யார் யார், எங்கே புதைத்தோம் என்று எழுதி வைக்கவும் ஆள் இருந்தது. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 1945இல் தேடிப் போனவர்கள் பாதை நெடுகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்து போன நம் குடும்பங்களுக்கு யார் இருந்தார்கள்?

போன வருடம் காஞ்சனாபுரி போனேன். பாலத்தின் மேல் நடந்தேன். வளைந்த சட்டங்கள் பழையவை, குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பின் வைத்த இரண்டு மட்டும் வளைவில்லாமல் கோணமாக, வேறு மாதிரி இருக்கும். பிறகு போர்க்கல்லறைக்குப் போனேன். 6,982 பேர் அங்கே இருக்கிறார்கள். வரிசை வரிசையாக வெண்கலப் பலகைகள். பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். ஒருவர் வயது 23. என் தாத்தா போனபோது அவருக்கு என்ன வயது என்று அம்மாவுக்கே தெரியாது.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம், தெரிந்த மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். பெயர் தெரியாவிட்டால் முறையை எழுதுங்கள். பெரியப்பா, தாய்மாமன், எதுவானாலும் சரி. முதல் வரியில் என் தாத்தா முனியாண்டியை எழுதியிருக்கிறேன். அவர் வயதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.