சத்தம் போடுகிறவர்தான் திரும்ப வருகிறார்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணியில் சட்டைக்கையை மடித்துவிட்டபடி சிரித்துக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று பஸ் பிடித்து வந்து, கடைசி பஸ் போய்விடுமோ என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிற உங்களுக்கு இரட்டை வணக்கம். சுருக்கமாகப் பேச முயற்சிக்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தலைப்பை ஒருதரம் சொல்லிவிடுகிறேன், பின்வரிசையில் இப்போதுதான் பிளேன்டீயோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காக. நீண்ட காலம் ஓடும் இசை நாடகத்தில் நடிகர் மாறும்போது ரசிகர் போடும் சத்தம் நாடகத்தை வாழவைக்கிறதா, வதைக்கிறதா? வதைக்கிறது என்று தம்பி பேசிவிட்டுப் போனார். நல்லாத்தான் பேசினார். ரசிகருக்குப் பழைய முகத்தின் மேல் பைத்தியம், புதியவர் வாய் திறக்கும் முன்னமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், நியூயோர்க்கில் ஒரு நாடகத்தையே சத்தம் போட்டு மூடவைத்தார்கள் என்றார். அப்புறம், நம்முடைய காத்தவராயன் கூத்தைப் பாருங்கள், ஒரே இரவில் கதைநாயகன் வேடத்துக்கே முற்பகுதியில் முன்காத்தான் ஒருவர், பிற்பகுதியில் பின்காத்தான் இன்னொருவர் என்று ஆள் மாறி ஆள் வருகிறார், யாராவது வாய் திறந்தார்களா என்று கேட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

வாய் திறக்கவில்லையாம்! தம்பி எந்த ஊரில் பார்த்தாரோ தெரியாது. நான் பார்த்த இடத்தில் எல்லாம் பின்காத்தான் மேடைக்கு வந்து முதல் வரியை இழுக்கும்போதே சனம் முன்காத்தானோடு ஒப்பிடத் தொடங்கிவிடும், அந்த வழக்கு விடிந்து தேத்தண்ணிக்கடை வரைக்கும் போகும், போய் அங்கேயும் தீராது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். மூதூர்ப் பக்கம் ஒரு கூத்து. வட்டக்களரியை, அதாவது வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிப் பாய் விரித்தாயிற்று, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டித் தட்டிச் சரிபார்க்கிறார். பல வருசமாகத் தருமராசாவாக ஆடியவருக்கு முழங்கால் ஏலாது, அதனால் இந்தமுறை அவருடைய மருமகன் ஆடப்போகிறான். வரவுப்பாட்டு எழும்புகிறது, பொடியன் களரிக்குள் வருகிறான், முதல் தாளக்கட்டு முடியவில்லை, முன்பாயில் இருக்கிற ஆச்சி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, களரி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்கிறார்: "மாமன் ஆடினா சதங்கை பேசும். இவன் ஆட சதங்கை சும்மா கிலுங்குது." பொடியனுக்கும் கேட்டது, அண்ணாவியாருக்கும் கேட்டது.

தம்பி இதைத்தான் வதை என்கிறார். சரி, வதை என்றே வைப்போம். ஆச்சி எழும்பிப் போனாரா? விடியவிடிய அதே பாயில் இருந்தார். அடுத்த வருசமும் வந்தார், வரும்போது பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தார், "இப்ப கொஞ்சம் தேறிட்டான், வந்து பார்" என்று. பாட்டும் வசனமும் அண்ணாவியாரின் கொப்பியில் எழுதியிருக்கும். மாமன் எந்த இடத்தில் காலை அரைத் தாளம் பிந்தி வைப்பார் என்பது எந்தக் கொப்பியிலும் இல்லை, அது ஆச்சியின் காதில்தான் இருந்தது. அந்தக் காது வாயைத் திறந்ததால்தான் பொடியனுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவந்தது.

இனி நியூயோர்க்குக்குப் போவோம், தம்பி ஆசைப்பட்டபடியே.

அவர் சொன்ன நாடகத்தின் பெயர் நீளம், சுருக்கமாகக் கிரேட் காமெட் என்பார்கள். டோல்ஸ்டாயின் பெரிய நாவலில் ஒரு துண்டை எடுத்து இசை நாடகமாக்கியது. 2016 நவம்பரில், நியூயோர்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் தொடங்கி 2017 செப்டம்பர் 3ஆம் திகதி முடிந்தது. நடுவர் ஐயா கணக்குப் பார்க்கட்டும், ஒரு வருசம்கூட இல்லை. நீண்ட காலம் ஓடும் நாடகம் என்ற தலைப்புக்குள்ளேயே வராததை முதல் சாட்சியாகக் கூட்டிவந்திருக்கிறார். இருந்தாலும் விடவேண்டாம், விசாரிப்போம்.

அதில் முக்கிய வேடத்தில் ஜோஷ் குரோபன் என்ற பெரிய பாடகர் நடித்தார். விளம்பரம் எல்லாம் அவரைச் சுற்றித்தான். 2017 ஜூலை தொடக்கத்தில் அவர் விலக, ஹாமில்டன் நாடகத்தின் முதல் குழுவில் இருந்த ஓனாடோவன் என்ற கறுப்பின நடிகர் வந்தார். அவர் வந்து சில வாரம்தான், அதற்குள் அவரைச் சொன்ன காலத்துக்கு முன்னமே விலக்கிவிட்டு, மான்டி பட்டின்கின் என்ற பிரபல மூத்த நடிகரை மூன்று வாரத்துக்குக் கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அப்போதுதான் சத்தம் எழும்பியது. கவனியுங்கள், சத்தம் புதியவருக்கு எதிராக எழும்பவில்லை, புதியவருக்காக எழும்பியது! வந்த மனுசனை ஆடவிடாமல் ஏன் துரத்துகிறீர்கள் என்று ரசிகரும் நடிகரும் கேட்டார்கள். பட்டின்கின் அதைக் கேட்டு, எனக்கு இது வேண்டாம் என்று தானாகவே விலகிக்கொண்டார். கொஞ்ச நாளில் நாடகமும் முடிந்தது. ஆகவே ரசிகர் கொன்றார்கள் என்கிறார் தம்பி. அந்த நாடகத்தை எழுதி இசையமைத்தவரே அப்போது என்ன சொன்னார் தெரியுமா? ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிந்திய டிக்கெட் விற்பனை படுமோசமாக இருந்தது, அதனால்தான் ஒரு பெரிய பெயரைத் தேடிப் போனோம் என்றார். வியாதி முன்னமே இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்று ஐயோ என்று கத்தியவர் மேல் கொலைக்கேஸ் போடுகிறார் தம்பி.

அந்த வியாதிக்கு யார் காரணம்? இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விசயமே. பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கு என்று ரசிகருக்குப் பழக்கியது யார்? பிராட்வேயில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாடகத்தின் தலைப்புக்கு மேலே யாருடைய பெயரைப் போட்டிருக்கிறார்களோ அவர் அன்று வராவிட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாம். தலைப்புக்குக் கீழே பெயர் உள்ளவர் வராவிட்டால், நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு சின்னத் துண்டுக் கடதாசி செருகியிருக்கும், இன்று இன்னார் வேடத்தில் இன்னார் என்று, அவ்வளவுதான், பேசாமல் இருந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதாவது ஆள் முக்கியம் என்று முதலில் சொன்னது டிக்கெட் கவுண்டர். ஆளின் பெயரில் காசு வாங்கிவிட்டு, ஆள் மாறும்போது மட்டும் கலைதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்று ரசிகருக்கு உபதேசம் செய்தால் கோபம் வருமா வராதா? நம்மூரில் இசைக்குழு நோட்டீஸில் ஒரு பாடகரின் படத்தை ஆலமரம் மாதிரிப் பெரிதாகப் போட்டுவிட்டு, மேடையில் "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்று மைக்கைத் தட்டும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? பாட வந்த பொடியன் மேல் உங்களுக்கு என்ன கோபம், நோட்டீஸ் அடித்தவன் மேல்தானே. ஆனால் அவன் மேடையில் நிற்க மாட்டான், பொடியன்தான் நிற்கிறான். இந்த ஒரு அநியாயத்தை ஒத்துக்கொள்கிறேன், சத்தம் பல நேரம் தப்பான ஆளின் தலையில்தான் விழுகிறது.

ஆனாலும் சத்தத்தை வைத்துப் பிழைக்கத் தெரிந்த தயாரிப்பாளரும் இருந்திருக்கிறார்கள். ஹலோ டாலி என்று ஒரு நாடகம், 1964இல் கரோல் சானிங் என்ற நடிகையோடு தொடங்கியது. சானிங் இல்லாமல் டாலியா என்று கேட்காத ஆள் இல்லை. டேவிட் மெரிக் என்ற தயாரிப்பாளர் அந்தக் கேள்வியையே விளம்பரமாக்கினார். ஜிஞ்சர் ரோஜர்ஸ் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள், 1967இல் பேர்ல் பெய்லியை வைத்து முழுக்கக் கறுப்பினக் குழுவாகவே மாற்றினார், கடைசியில் 1970இல் எதெல் மெர்மன். அந்த வேடமே முதலில் மெர்மனை மனதில் வைத்து எழுதியது, அவர் அப்போது மாட்டேன் என்றுவிட்டார், ஆறு வருசம் கழித்து வந்து நடித்தார். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுச் சண்டைபிடித்த சனம்தான் திரும்பத்திரும்ப டிக்கெட் வாங்கியது, 2,844 காட்சி ஓடியது. ஒப்பிடாத ரசிகருக்கு இரண்டாந்தரம் வர என்ன அவசியம்? கதை தெரியும், முடிவு தெரியும், பாட்டும் பாடம்.

ரசிகர் புதியவரை ஏற்கவே மாட்டார் என்றும் தம்பி சொன்னார். விக்கட் நாடகம். 2005 ஜனவரி. பச்சை நிறச் சூனியக்காரி வேடத்தை 2003இலிருந்து செய்துவந்த இடினா மென்செல் விடைபெற ஒரு நாள்தான் பாக்கி. அவர் உருகி மறைகிற காட்சியில் மேடைத் தரையில் இருக்கும் பொறிக்கதவு வழியாக விழுந்து விலா எலும்பில் வெடிப்பு. காட்சி நின்றது. அவருக்குப் பதிலாக அந்த வேடத்தை ஏற்கவிருந்த ஷோஷனா பீன் அவசரமாக முகத்தில் பச்சை பூசிக்கொண்டு வந்து மிச்சத்தை முடித்துக்கொடுத்தார். அடுத்த நாள் மென்செலின் கடைசிக் காட்சி என்று எப்போதோ டிக்கெட் வாங்கியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் பீன். தம்பியின் கணக்குப்படி கதிரை பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை, பார்த்தார்கள். முடிவில் மென்செல் பச்சைப் பூச்சும் இல்லாமல், சூனியக்காரி உடையும் இல்லாமல், சிவப்பு டிராக் சூட்டோடு மேடைக்கு வந்து பாடியபோது அரங்கமே எழும்பி நின்று ஆரவாரம் செய்தது. பழையவருக்காக அழத் தெரிந்த சனம்தான் புதியவரையும் இருந்து பார்த்தது. இரண்டும் ஒரே ஆட்கள்தான், தம்பி.

இன்னொன்று, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபாண்டம் ஆஃப் த ஓபரா, பிராட்வேயில் 1988இலிருந்து 2023 ஏப்ரல் வரை 13,981 காட்சி. அதன் இலண்டன் அரங்கில், கொரோனாவுக்குப் பிறகு 2021இல் திரும்பத் திறந்தபோது, 27 பேர் வாசித்த வாத்தியக்குழுவை 14 ஆக்கிவிட்டார்கள். நடிகரை மாற்றினால் முகம் தெரியும், வாத்தியக்காரரைக் குறைத்தால், மேடைக்கு முன்னால் அவர்கள் இருந்து வாசிக்கிற பள்ளத்துக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? தம்பி கேட்கிற அமைதியான, நல்ல பிள்ளையான ரசிகர் எட்டிப் பார்க்க மாட்டார். பல தரம் பார்த்து, எந்த இடத்தில் ஒலி மெலிந்துவிட்டது என்று காதால் பிடிக்கிற, சும்மா இருக்கத் தெரியாத ரசிகர்தான் பார்ப்பார். அவர் போட்ட சத்தத்துக்கு வாத்தியக்காரர் திரும்பி வரவில்லை என்பதும் உண்மைதான். அது கேளாதவனின் குற்றம், கத்தியவனுடையதில்லை.

இப்போது ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருகிற தம்பி அதில் ஏறி ஆடுவார். 2014இல் அதே நாடகத்தின் பிராட்வே மேடையில், ஃபாண்டம் என்ற முக்கிய வேடத்துக்கு நோர்ம் லூயிஸ் வந்தார், பிராட்வேயில் அந்த வேடத்தை ஏற்ற முதல் கறுப்பின நடிகர். ஒருவர் அவருடைய குரலைக் குறை சொல்லலாம், நடையைக் குறை சொல்லலாம். தோலைப் பார்த்துக் கத்தினால் அந்த ஆள் என் அணியில் இல்லை, வெளியே போகலாம். ஆனால் 2025இல் மேபி ஹாப்பி என்டிங் நாடகத்துக்கு எழுந்த சத்தத்தையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சியோல் நகரில் நடக்கும் கதை, அதில் பிலிப்பினோ வழிவந்த டாரன் கிறிஸ் செய்த வேடத்துக்கு இடைக்காலமாக ஒரு வெள்ளை இன நடிகரைப் போட்டார்கள். எங்களுக்கு வேடம் கிடைப்பதே அபூர்வம், அதையும் வேறு ஆளுக்குக் கொடுக்கிறீர்களா என்று ஆசிய வழி நடிகர்களும் ரசிகர்களும் கேட்டார்கள். ஒருவனை உள்ளே விடாதே என்று கத்துவதும், எங்களையும் உள்ளே விடு என்று கத்துவதும் தம்பிக்கு ஒரே சத்தமாகக் கேட்டால் அதற்குக் காது வைத்தியரைத்தான் பார்க்கவேண்டும்.

கடைசியாக நம்முடைய ஆள் ஒருவர். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து. அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியவர், 1989இல் காலமானார். அந்த நாடகம் அவரோடு சுடலைக்குப் போய்விட்டதா? இல்லை, இன்றைக்கும் யாராவது அரிச்சந்திரனாகத் தோளில் தடியோடு வந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாடுகிற ஒவ்வொருவரும் "வைரமுத்து மாதிரி வராது" என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் பாடுகிறார்கள். வராது என்று சொல்கிற அந்தக் கிழவர்தான் அரை மணித்தியாலம் முன்னமே வந்து முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்தவர். அவர் வாயை மூடவைத்துவிட்டால் அந்த முதல் வரிசையில் யாரைக் கொண்டுவந்து இருத்தப் போகிறீர்கள்?

நடுவர் ஐயா மணியை எடுத்துவிட்டார், அடிக்குமுன் ஒரு கேள்வி, அடுத்துப் பேச வருகிற தம்பிக்கு. நடிகர் மாறியபோது ஒருவருமே முணுமுணுக்கவில்லை, பழையவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, எல்லோரும் பேசாமல் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள், அப்படியும் பத்து வருசம் ஓடியது என்று ஒரே ஒரு நாடகத்தின் பெயரைச் சொல்லட்டும். பிராட்வேயில் சொல்லட்டும், இலண்டனில் சொல்லட்டும், மூதூரில் சொன்னாலும் சரி, கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை, நான் இருந்து கேட்டுவிட்டுத்தான் போவேன்.