கசான் கானின் காசில் ஒரு சக்கரவர்த்தி

வணக்கம். இன்று ஒரே ஒரு வெள்ளிக்காசைப் பற்றிப் பேசப்போகிறேன். எடை நாலு கிராமுக்குச் சற்று அதிகம். பெயர் இரட்டைத் திர்ஹம். அடித்தவர் ஈரானை ஆண்ட மங்கோலியர் கசான் கான். 1258-ல் பாக்தாதை அழித்த ஹுலாகுவின் கொள்ளுப்பேரன்.

அதற்கு முன் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 1294-ல் கெய்காத்து என்ற இல்கான் (ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களின் பட்டம் அது), கஜானா காலியானதும் சீனாவைப் பார்த்து ஈரானின் தப்ரீஸ் நகரில் காகிதப்பணம் வெளியிட்டார். அதன் பெயர் சாவ். வாங்க மறுத்தால் மரண தண்டனை. (நம் காதுக்குப் பெயர் பொருத்தமாகத்தான் விழுகிறது!) கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் சாவைத் திரும்பப் பெற்றார்கள்.

மறு ஆண்டே கசான் பட்டத்துக்கு வந்தார். ஊருக்கொரு எடையில் இருந்த காசுகளை ஒழுங்குபடுத்தினார். ஆறு திர்ஹம் ஒரு தினார்.

சரி, காசுக்கு வருவோம். ஒரு பக்கத்தில் அரபியில் கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை வாசகம். இஸ்லாமிய நாட்டுக் காசில் அது வழக்கம்தான். திருப்பினால்தான் வேடிக்கை. அரபு எழுத்தில் 'கசான் மஹ்மூத்' என்று பெயர். கூடவே மேலிருந்து கீழாக இறங்கும் உய்கூர் எழுத்தில் மங்கோலிய வாசகம்: வானத்தின் ஆற்றலால் கசான் அடித்தது. இவருடைய தாத்தா அபாகாவின் காசில் 'ககானின் பெயரால்' என்று இருக்கும். அந்த ககான், அதாவது மங்கோலியரின் பேரரசர், சீனத்தில் அமர்ந்திருந்த குப்ளாய். பேரன் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார். இனி எனக்கு மேலே வானம் மட்டும்தான் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்.

அதே பக்கத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்து, பக்ஸ்பா. குப்ளாய்க்காக ஒரு திபெத்திய பிக்கு உருவாக்கியது. அதைச் 'சக்ரவர்' என்று படிக்கிறார்கள். ஆமாம், நம் சக்கரவர்த்திதான்! கசான் பௌத்தராக வளர்ந்தவர். இஸ்லாத்தைத் தழுவிய கையோடு பௌத்தக் கோயில்களை இடிக்க உத்தரவிட்டவர். கோயில் போனது, பட்டம் மட்டும் காசில் தங்கிவிட்டது. தப்ரீஸ் கடைத்தெருவில் அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அச்சைச் செதுக்கியவருக்காவது புரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அப்புறம் தம்பி ஒல்ஜெய்து ஷியாவானதும் காசில் பன்னிரண்டு இமாம்களின் பெயர்கள் ஏறின. அவர் மகன் அபூ சயீத் அவற்றை நீக்கி நான்கு கலீஃபாக்களைப் பொறித்தார். இதற்கிடையே காசின் எடையும் குறைந்துகொண்டே வந்தது.