துறையடிக் காலைகள்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவி கடந்து மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போய்வந்தவன் நான். அந்தத் துறையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயலும் மாடுமாகப் படுவான்கரை. அதனால் காலையில் துறையடியில் இரண்டு கூட்டம். இங்கிருந்து ஆசிரியர், தாதிமார், கந்தோர்க்காரர். அங்கிருந்து தயிர்ச்சட்டி, மரக்கறி மூட்டை, களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளர். இரண்டு கூட்டத்தையும் ஒரே பாதைதான் மாறி மாறிச் சுமக்கும்.

எங்களுக்கு ஏழரை மணிக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறுவார்கள்; அதற்குப் பிறகு வந்தவர் பிந்தியவர். அரச வேலை செய்தவர்களுக்கு அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மார்கழி, தவணைப் பரீட்சை நாள். மழை. நடு வாவியில் பாதையின் இயந்திரம் நின்றுவிட்டது. காற்று எங்களைக் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகியது. பயந்து எல்லாரும் ஒரே பக்கம் ஓடினால் பாதை சரிந்துவிடும். பாதைக்காரர் அதட்டி எங்களை இருத்தினார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளத் தொடங்கினார், இளைஞர்களும் குதித்தார்கள். என் மடியில் வினாத்தாள் கட்டு. ஆஸ்பத்திரியில் மகளோடு இரவு தங்கிவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா தன் குடையை அதற்கு மேலே பிடித்தார். "நான் நனைஞ்சா காயும் சேர், புள்ளையள்ர கடுதாசி நனையப்படா" என்றார். பள்ளிக்கூடம் போனபோது கோடு கீறியாயிற்று. பரீட்சை நடந்தது.

போர்க்காலத்தையும் சொல்ல வேண்டும். 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம், எழுவான்கரை படையினரிடம். வாவியைக் கடப்பதென்றால் சோதனையையும் கடக்க வேண்டும். அப்போதும் பாதைக்காரர்கள் சனத்தை ஏற்றினார்கள்.

இதே வாவியில், மண்முனையில் ஜப்பான் உதவியோடு 210 மீற்றர்ப் பாலம் 2014இல் திறந்தார்கள். பாலம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. இரவில் பாதை நின்றபின் நோவு கண்ட தாயை நினைத்துப் பாருங்கள். ஆனால் பாதைக்காரர்களின் அறிவை யார் எழுதி வைத்தோம்? இயந்திரம் வருமுன் கம்பு ஊன்றித் தள்ளியவர்கள் அவர்கள். கோடையில் எங்கே மணல் தட்டும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீர் வடிந்தால் எந்த இடத்தில் பாதையை அணைக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திரும்பவும் சொல்கிறேன், அது எழுதப்படவில்லை.

சரி, நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல இருந்தேன். அந்த நாட்களில் துறையடியில் நிற்க இடமிருக்காது; ஆவணித் தீர்த்தம் முடிந்து சனம் திரும்பும்வரை பாதைக்காரருக்கு ஓய்வில்லை. உங்கள் வீட்டில் பாதை தள்ளிய பெரியவர் இருந்தால், இந்தக் கிழமையே அவரைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வணக்கம்.