பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டிய பழம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

சிறு காப்பி விவசாயிகளுக்குக் கைகொடுக்கும் திட்டங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பள்ளிக் கட்டடம், குடிநீர்க் கிணறு, மரக்கன்று என்று திட்டங்களின் பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் பழத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன், ஏனெனில் அந்த விவசாயி ஏன் ஏழையாகவே இருக்கிறார் என்பதற்கான விளக்கத்தில் பாதி அந்தப் பழத்துக்குள்ளேயே இருக்கிறது.

சிவக்கப் பழுத்த காப்பிப் பழத்தைக் காலையில் பறித்தால், அன்று இரவுக்குள் தோலுரித்தாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் அது சூடேறிப் புளித்துவிடும்; புளித்த கொட்டை எவ்வளவு நல்ல மண்ணில் விளைந்ததாயினும் கடைசித் தரத்துக்குத்தான் போகும். பழத்தோடு உலர்த்தும் முறையும் உண்டு. ஆனால் அதற்குக் களமும் தொடர்ந்த வெயிலும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வருகிறார். அங்கே தராசோடு நிற்கும் வியாபாரிக்கு அவசரம் எதுவும் இல்லை. உலகின் காப்பியில் பெரும்பகுதி ஐந்து ஹெக்டேருக்கும் குறைந்த நிலம் உள்ள குடும்பங்களிடமிருந்து வருகிறது. அந்தக் குடும்பங்களில் பல, ஆண்டு முழுவதும் உழைத்ததன் விலையை அந்தச் சாலையோரத்தில் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு திரும்புகின்றன. காத்திருக்க முடியாதவரிடம் பேரம் பேச யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே எந்த உதவித் திட்டத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இது விவசாயிக்குக் காத்திருக்கும் வலுவைக் கொடுக்கிறதா?

ஊருக்குள்ளேயே விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு பதப்படுத்தும் நிலையம் வந்துவிட்டால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். தோல் நீங்கிய கொட்டை வழவழப்பான பசையோடு தொட்டியில் இறங்குகிறது. மறுநாள் ஒருவர் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்க்கிறார். வழுக்கினால் இன்னும் சில மணி நேரம் ஊற வேண்டும். கூழாங்கற்கள் உரசுவதுபோல் நறநறவென்று கேட்டால் பசை விட்டுவிட்டது, கழுவலாம். பிறகு வலைப் படுக்கையில் நாட்கணக்கில் புரட்டிப் புரட்டி, ஈரம் 11 அல்லது 12 சதவீதத்துக்கு இறங்கும் வரை உலர்த்துகிறார்கள். ஓரிரவுகூடத் தாங்காத பழம் இப்போது மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கக்கூடிய சரக்காகிவிட்டது. ருவாண்டாவில் 2000ஆம் ஆண்டளவில் இத்தகைய நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன; பின்னர் அவை இருநூறுக்கும் மேலாகப் பெருகின. இனப்படுகொலையிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த நாட்டின் காப்பி, தரத்துக்குப் பெயர்பெற்றதில் இந்த நிலையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே சுற்றுச்சூழலையும் தனியாகப் பிரித்துப் பேச வேண்டியதில்லை. பழைய முறையில் ஒரு கிலோ கொட்டையைப் பதப்படுத்த 40 லிட்டர் வரை தண்ணீர் செலவாகி, அந்தப் புளித்த நீர் அப்படியே ஓடையில் கலந்தது. பசையை உராய்ந்தே நீக்கும் இயந்திரங்கள் வந்தபின் ஏறத்தாழ ஒரு லிட்டரே போதும். ஓடையின் கீழ்ப்பக்கத்தில் குடிநீர் எடுப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே.

அடுத்தது மாதங்களின் கணக்கு. பல நாடுகளில் அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான். அந்தப் பணம் தீர்ந்து அடுத்த அறுவடை வருவதற்கு இடைப்பட்ட காலத்தை நடு அமெரிக்காவில் மெலிந்த மாதங்கள் என்றே அழைக்கிறார்கள். காயாக இருக்கும்போதே விளைச்சலை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுப்பது அந்த மாதங்களில்தான். ஊடுபயிராக வாழையும் பீன்ஸும் போடச் சொல்வது இதனால்தான் மிக நல்ல யோசனை. விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான சான்றிதழ் முறையான ஃபேர்டிரேடின் விதிகளைப் பற்றிப் பேசுவோர், விலைக்கு மேல் ஒரு பவுண்டு எடைக்குச் சங்கத்துக்குக் கிடைக்கும் 20 செண்ட் கூடுதல் தொகையையே பெரிதாகச் சொல்வார்கள். சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணமாகக் கிடைக்க வாங்குபவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதியை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் ஒரு குடும்பத்தைத் தடுப்பது அந்த முன்பணம்தான்.

கடினமானது ஆண்டுகளின் கணக்கு. காப்பிச் செடி நட்டால் காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கொலம்பியாவில் 2008க்குப் பின் வந்த மழை மிகுந்த ஆண்டுகளில் இலைத் துரு நோய் பரவியது. 60 கிலோ மூட்டைக் கணக்கில் 1.1 கோடிக்கு மேல் இருந்த விளைச்சல் 2012இல் 80 லட்சத்துக்கும் கீழே போனது. அந்நாட்டு விவசாயிகள் 1927இலேயே தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை அமைத்திருந்தார்கள்; அதன் ஆய்வு நிலையம் 2005இல் வெளியிட்ட காஸ்டில்லோ என்ற நோய் தாங்கும் ரகம் கையில் இருந்தது; மறுநடவுக்கென்றே கடனும் மானியமும் கொடுக்கப்பட்டன. 2015இல் விளைச்சல் 1.4 கோடி மூட்டையைத் தாண்டியது. ஆனால் நாம் போடும் திட்டங்களோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. கன்றைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அது முதல் பூ பூப்பதற்கு முன்பே புறப்பட்டுவிடுகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. செடியின் வயதைவிடக் குறைந்த வயதுடைய திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கவே கூடாது.

விலையைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிப்பது நேர்மையாகாது. 1962இன் சர்வதேசக் காப்பி உடன்படிக்கை ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989இல் அந்த ஒதுக்கீடு முறிந்தது. 2001இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அரபிக்கா வகைக் காப்பி அரை டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போயின. அப்படிக் காலியான ஊரில் நாம் கட்டிய பள்ளிக்கு யார் வருவார்கள்? கொள்முதல் விலையில் கொடுக்காததைக் கட்டடமாகக் கொடுத்து ஈடுசெய்ய முடியாது.

இறுதியாக, முடிவெடுப்பவர் யார் என்பது. ஃபேர்டிரேடு கூடுதல் தொகையை எதற்குச் செலவிடுவது என்பதைச் சங்கத்தின் பொதுக்குழு வாக்கெடுத்து முடிவு செய்கிறது. பழம் பறிப்பதும் தரம் பிரிப்பதும், மழைத்துளி விழுந்ததும் ஓடிப்போய் உலர்த்தும் படுக்கையை மூடுவதும் பல இடங்களில் பெண்கள்தான். ஆனால் நிலம் ஆணின் பெயரில் இருப்பதால் உறுப்பினர் ஏட்டில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. படுக்கைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், சொல்லத்தான் இடம் இல்லை. நிலப் பத்திரத்தை மட்டும் பார்க்காமல், ஒரு குடும்பத்தில் உழைக்கும் இருவர் பெயரையும் ஏட்டில் எழுதும்படி விதியை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நிதி கொடுப்பவர்கள் முதல் தவணையை அனுப்பும் முன்பே அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.