செக்கில் கையெழுத்துப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'அனைத்து ஜப்பான் மகளிர் மல்யுத்த நிறுவனம் 2005இல் மூடப்பட்டதற்குக் காரணம் காலமா, முதலாளிகளா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "நில விலையும் பங்கு விலையும் வீங்கிக் கிடந்த பொருளாதாரக் குமிழி உடைஞ்சது, ரசனை மாறிப்போச்சு, 1968லேருந்து கட்டிக் காத்த மாட்சுனாகா சகோதரர்கள் பாவம் என்ன செய்வாங்க" என்று உருகினார். ஐயா, நீங்க கண்ணைத் துடைச்சதைப் பார்த்ததும் எனக்கு ஒசாகா ஞாபகம் வந்துடுச்சு!

1985, ஆகஸ்ட் 28. தோற்றவருக்கு மொட்டை என்று பந்தயம். 'கிரஷ் கேல்ஸ்' ஜோடியில் ஒருவரான சிகுசா நாகாயோ, வில்லி டம்ப் மாட்சுமோட்டோவிடம் தோற்றார். ரத்தம் வழிகிற முகத்தோடு வளையத்துக்குள்ளேயே உட்காரவைத்து முடியை மழித்தார்கள். அரங்கம் நிறையப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள். தன் தலையிலேயே கத்தி விழுந்ததுபோல் கதறினார்கள்.

அந்த சிகுசா 1989இல் ஓய்வு பெற்றார். வயது? 24! ஏனென்றால் 25 ஆனால் மூட்டை கட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். குடிக்காதே, புகைக்காதே, ஆண் சகவாசம் கூடாது என்று மூன்று தடை வேறு. மாமியார் வீடே தேவலை! கறக்கிற மாட்டைக் கொட்டிலை விட்டு ஓட்டிவிட்டு, பாலுக்குக் காலத்தைக் குறை சொல்வதா? மன்னிக்கணும், பெண்களை மாட்டோடு நான் ஒப்பிடவில்லை. முதலாளிகள் போட்ட கணக்கு அது.

அப்புறமும் புல் நகானோ, அஜா காங், மனாமி டொயோட்டா என்று வீராங்கனைகள் வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 1994 நவம்பரில் டோக்கியோ டோம் என்ற பெரிய அரங்கில் நள்ளிரவு வரை ஆட்டம். ரசனை மாறிப்போன ஊரா அது? ஆனால் மூன்றே வருடத்தில், 1997இல், நிறுவனம் கொடுத்த செக் திரும்பி வருகிறது. வீராங்கனைகளுக்குச் சம்பளம் பாக்கி. அஜா காங்கும் கியோகோ இனூவேயும் வெளியேறித் தனித்தனியே நிறுவனம் தொடங்கினார்கள். குமிழி உடைந்தது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் அடிவாங்கிச் சம்பாதித்த காசை நிலத்திலும் பங்குச் சந்தையிலும் கொண்டுபோய்க் கொட்டியது யார்?

"சிகுசா நடத்திய 'காயா' மல்யுத்த நிறுவனமும் அதே 2005 ஏப்ரலில்தானே மூடியது" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஓய்வு கொடுத்து அனுப்பிய பெண் திரும்பி வந்து, தன் சொந்த நிறுவனத்தைப் பத்து வருடம் நடத்தி, நாள் குறித்து விடைபெற்றார். பழைய முதலாளிகளோ எட்டு வருடமாகக் கடனோடு இழுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: திரும்பி வந்த அந்தச் செக்கில் கையெழுத்துப் போட்டது காலமா? வணக்கம்.