டெம்பிள் தோட்டம்: மூன்றாவது படையெடுப்பில் உள்ளே போயாச்சு!

வணக்கம் மக்களே! பின்னால் என்ன தெரிகிறது, நன்றாகப் பாருங்கள். புல்வெளி. இந்தத் தடவை கம்பிக் கதவின் இடுக்கில் போனை நுழைத்து எடுக்கவில்லை, நானே உள்ளே நிற்கிறேன். லண்டன் இன்னர் டெம்பிள் தோட்டம்! கஜினி முகமது என்று கமென்ட்டில் ஓட்டியவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. முதல் தடவை சனிக்கிழமை வந்தேன், பூட்டு. அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு புண்ணியவான், "வார நாளில் மதியம் 12.30 முதல் 3 மணி வரைதான் திறப்பார்கள்" என்று எழுதியிருந்தார். சரி, வார நாள்தானே என்று திங்கட்கிழமை கிளம்பினேன். அது ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கள். பேங்க் ஹாலிடே! எனக்கு லீவு, ஊருக்கே லீவு, தோட்டத்துக்கு மட்டும் லீவு இருக்காதா? அன்றைக்கு எனக்கு ஏன் ஆபீஸ் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் நேராக டெம்பிள் ஸ்டேஷனில் இறங்கலாம். அந்தச் சுகத்தில் மூளையும் உட்கார்ந்து தூங்கிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

ஆக, இன்று வியாழன், அரை நாள் லீவு. 11.40-க்கே வந்து நின்றேன். காத்திருக்கும்போது கை சும்மா இருக்குமா, வழியில் ஒரு தள்ளுவண்டியில் காபி வாங்கினேன். 4 பவுண்ட் 60 பென்ஸ். போன மாதம் இரண்டு தடவையும் 4.20-தான் கொடுத்தேன், அதே வண்டி, அதே ஆள். 40 பென்ஸ் எதற்கு ஏறியது? கப் பெரிதாகவில்லை. சூடு குறைந்திருந்தது. இலவசத் தோட்டம் ஒன்றைப் பார்க்க மூன்று தடவைக்கும் சேர்த்துக் காபிக்கு மட்டும் 13 பவுண்ட் போயிருக்கிறது, நம்மூர்க் காசுக்கு 1,500 ரூபாய் பக்கம். கும்பகோணத்தில் அந்தக் காசுக்கு ஒரு மாதம் டிகிரி காபி குடிக்கலாம். ஃபிளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த என்னைச் சொல்லணும்.

நேற்று அம்மாவிடம் போனில் டெம்பிளுக்குப் போகிறேன் என்றேன். "நல்லது, எந்த சாமி?" என்றார். சாமி இல்லைம்மா, வக்கீல்கள். "கோயில்ல வக்கீலுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி.

1119 வாக்கில், ஜெருசலேமுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்ரீகர்களுக்குக் காவலாக ஒரு கூட்டம் சேர்ந்தது. துறவிகள்தான், ஆனால் கையில் வாள். பழைய யூதக் கோயில் இருந்த மலைமேல் இவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது, அதனால் டெம்ப்ளர்கள் என்று பெயர் வந்தது. லண்டனில் முதலில் ஹோல்போர்னில் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் தேம்ஸ் கரைக்கு, அதாவது நான் நிற்கிற இந்த இடத்துக்கு, மாறினார்கள். பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய வட்டத் தேவாலயத்தை 1185 பிப்ரவரி 10 அன்று ஜெருசலேம் பேராயர் ஹெராக்ளியஸே வந்து அர்ப்பணம் செய்துவைத்தார். எளிமையாக வாழ்வோம் என்று சத்தியம் செய்தவர்கள். ஆனால் ராஜாக்கள் பணத்தையும் நகையையும் கொண்டுவந்து பத்திரப்படுத்தியதே இவர்களிடம்தான். ஒரு ஊரில் பணத்தைக் கட்டி, சீட்டு வாங்கி, இன்னொரு ஊரில் எடுத்துக்கொள்ளும் வசதிகூட வைத்திருந்தார்கள்.

கடன் கொடுத்தவனைக் கண்டால் யாருக்குப் பிடிக்கும்? பிரெஞ்சு ராஜா நாலாம் ஃபிலிப் இவர்களிடம் நன்றாகக் கடன்பட்டிருந்தார். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, அவர் நாட்டில் இருந்த டெம்ப்ளர்களை ஒரே நாளில் பிடித்து உள்ளே போட்டார். 1312-இல் போப்பாண்டவர் அமைப்பையே கலைத்தார். 1314-இல் தலைவர் ஜாக் டி மோலேயை பாரிஸில் எரித்தார்கள். கூட்டம் காலி.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. சொத்து இன்னொரு வீரத்துறவிகள் கூட்டமான ஹாஸ்பிட்டலர்கள் கைக்குப் போனது. அவர்கள் இந்த இடத்தை வக்கீல்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1540-இல் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ஹாஸ்பிட்டலர்களையும் கலைத்துவிட, ராஜாவே வீட்டுக்காரர் ஆனார். வக்கீல்கள் அசையவில்லை. 1608-இல் முதலாம் ஜேம்ஸ், தேவாலயத்தைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற இரண்டு வக்கீல் சங்கங்களுக்கும் இடத்தை நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். குடியிருந்தவர்கள் வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள்! நம்மூரில் ஏன் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அதுவும் வக்கீலுக்கு வீடு கொடுக்கும்போது.

ஐயோ, கேட்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே! இரண்டு தடவை அதன் முன்னால் நின்று திட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. 1730-ஆம் வருடத்து இரும்புக் கதவு. மேலே சிறகு முளைத்த குதிரை, அது இன்னர் டெம்பிளின் சின்னம். டெம்ப்ளர் முத்திரையில் ஒரே குதிரையில் இரண்டு வீரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தேய்ந்துபோன முத்திரையைப் பார்த்த யாரோ அந்த இரண்டு பேரையும் சிறகு என்று நினைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான், நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

தோட்டம் சுமார் 3 ஏக்கர். மேட்டில் நீளமாக ஒரு பூப்பாத்தி, அதற்குக் கீழே ஆற்றுப் பக்கமாகச் சரியும் புல். முன்பு ஆறு தோட்டத்தின் ஓரத்திலேயே ஓடியது. 1860-களில் பாசல்ஜெட் என்ற இன்ஜினியர் கரை கட்டி ஆற்றைத் தள்ளிவிட்டதால் தோட்டத்துக்கு நிலம் கூடியது. இப்போது நடுவில் ரோடு, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. இங்கே பாருங்கள், இந்த டேலியாவுக்குள் ஒரு வண்டு. போன் வெளிச்சம் பட்டும் அசையவில்லை. பின்னங்கால் முழுக்க மகரந்தம், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி. குளிருக்குப் பூவையே போர்த்திக்கொண்டு தூங்குகிறது. துலிப்பில் இந்த மாதிரி ஒரு காட்சி கிடைக்குமா? துலிப் பிளாஸ்டிக் என்பது என் கட்சி, மாற மாட்டேன்.

ரோஜா ரசிகர்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். இங்கிலாந்து சிம்மாசனத்துக்காக மோதிய இரண்டு கட்சியும் சிவப்பு ரோஜா, வெள்ளை ரோஜா என்று பூப் பறித்துச் சண்டையை ஆரம்பிக்கிற ஷேக்ஸ்பியர் காட்சி நடப்பது இந்தத் தோட்டத்தில்தான். அது அவருடைய கற்பனை. எனக்கு ரோஜாவைவிடச் சாமந்திதான் பெரிது. 1850-களில் லண்டன் முழுக்க நிலக்கரிப் புகை. அந்தப் புகையில் சாமுவேல் புரூம் என்ற தோட்டக்காரர் இங்கே சாமந்தி வளர்த்துக் காட்டினார், அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எப்படி வளர்ப்பது என்று புத்தகமும் போட்டார். இப்போது செல்சியில் நடக்கும் பெரிய மலர்க் கண்காட்சிக்கும் முன்னோடி இங்கேதான்: 1888 முதல் 1911 வரை இந்தப் புல்மேல்தான் கூடாரம் போட்டார்கள்.

அதே 1888-இல்தான் காந்தி இங்கே சட்டம் படிக்கச் சேர்ந்தார். வக்கீலாக வேண்டுமென்றால் பரீட்சை மட்டும் போதாது, சங்கத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் இத்தனை விருந்து சாப்பிட்டே ஆகவேண்டும். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வரும். காந்தி தொடமாட்டார். அதனால் அவரைத் தங்கள் மேஜையில் சேர்த்துக்கொள்ளப் போட்டியாம்! 1891 ஜூன் 10 அன்று வக்கீலானார், 12-ஆம் தேதி கப்பலேறிவிட்டார். 1922-இல் ஜெயில் தண்டனைக்குப் பிறகு பெயரை நீக்கிய இதே சங்கம், 1988-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்து 40 வருடம் கழித்து.

மணி பத்து நிமிடம் குறைவாக மூன்று. தோட்டக்காரர் தள்ளுவண்டியோடு இந்தப் பக்கமாக வந்து, கைக்கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிக் காட்டிச் சிரிக்கிறார். கிளம்புகிறேன், கிளம்புகிறேன்.

...இப்போது வெளியே. லண்டன் சிட்டி எல்லையில் நிற்கும் வெள்ளி நிற டிராகனுக்குப் பக்கத்துப் பெஞ்ச். வழக்கமான டப்பா, வழக்கமான எலுமிச்சை சாதம், காற்றில் அப்பளம் இரண்டு தடவை பறந்தது. அம்மாவுக்கு போட்டோ அனுப்பியிருந்தேன், பதில் வந்துவிட்டது, படிக்கிறேன்: "புல் நல்லா இருக்கு. சாமி எங்க?"